நாலு மணியும் நாலு நாளும்

எங்கள் எடமலைப்பட்டி புதூரில் மொட்டை மாடியில் படுத்திருப்பவர்களுக்கு இராத்திரியில் கடிகாரம் தேவையில்லை. சிங்கப்பூர் விமானம் இரைந்துகொண்டு போனால், 'நேரமாகிவிட்டது, கண்ணை மூடு' என்று அர்த்தம். திருச்சி விமான நிலையம் எங்களுக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது.

அங்கிருந்து சிங்கப்பூர் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். பிரயாணம் சுமார் 4 மணி நேரம். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. ஆகவே, போகிறவர் கணக்கில் ஆறரை மணி ஆகியிருக்கும். வருகிறவர் கணக்கில் ஒன்றரை மணிதான். ஊர் திரும்புகிறவனுக்குக் கடிகாரமே சலுகை காட்டுகிறது!

என் தாத்தா காலத்தில் இந்தச் சலுகை கிடையாது. அப்போது 'ரஜூலா' கப்பல்தான். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரையில் தமிழர்களை அக்கரைக்கும் இக்கரைக்குமாகச் சுமந்தது. நாகப்பட்டினத்தில் அது கரைக்கு வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். டிரங்குப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாகப் படகில் போய் ஏறவேண்டும். பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம்.

மனிதன் இப்படி ஆடி அசைந்து போக, செய்தி மட்டும் எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டது. 1871-லேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள். விமானமும் முதலில் கடிதத்துக்குத்தான் கருணை காட்டியது. 1938-ல் டாடா கம்பெனியின் தபால் விமானம் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புவரை பறந்தது. சாதாரண ஜனங்கள் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

செய்தி பறக்க, மனிதன் மிதக்க, இடையில் அகப்பட்டுக்கொண்டவர்களில் என் தாத்தாவும் ஒருவர். 1961-ல் அவருடைய தாயார் காலமானார். தந்தி உடனே போய்விட்டது. தாத்தா அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, ஏறி, இறங்கி, வீட்டு வாசலில் வந்து நின்றபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம், "கடல் குறுக்கே கிடக்குது, அவரு என்ன பண்ணுவாரு?" என்றுதான் முடிப்பாள்.

'ரஜூலா'வுக்குப் பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடிற்று. 1985 பிப்ரவரியில் அது கடலில் தீப்பற்றியது. பல உயிர்கள் போயின. கப்பல் பிரயாணக் காலமும் அதோடு முடிந்தது. இனி எல்லாம் நாலு மணி நேரந்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

சென்ற வருஷம் அடுத்த தெருவில் ஓர் அம்மாள் இறந்துபோனார். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். செய்தி போக நாழிகையாகவில்லை. கைபேசியிலேயே தாயின் முகத்தைப் பார்த்து அழுதான். இரவு விமானத்தில் வந்துவிடுவான் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். வேலையிடத்தில் லீவு கிடைக்கவில்லை. மறுநாள் மாலை எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள்தான் வந்தான்.

துக்கம் விசாரிக்கப் போனேன். பெட்டியைக்கூடத் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். குறை சொல்லக் கடல்கூட இல்லை அவனுக்கு.

"நாலு மணி நேரந்தாங்க ஆச்சு" என்றான்.