தானியங்கி நீர் நிரப்பி (கடல்நீர் மீன்தொட்டி)

வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியில் ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரைத் தானாகவே சேர்க்கும் அமைப்பு இது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டி நாளொன்றுக்கு 2 லிட்டர் இழந்தால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு ஒரே வாரத்தில் 37.6 பங்கைத் தொடும். மீன் ஓரளவு தாங்கும். இறாலும் கடல் சாமந்தியும் தாங்குவது கடினம். ஆகவே குறைந்ததை உப்புநீரால் நிரப்பக் கூடாது, நன்னீரால்தான் நிரப்ப வேண்டும்.

தென்காசி வட்டாரத்தில் இந்த இழப்பு ஊருக்கு ஊர் மாறும். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று, குற்றாலத்தில் சாரலும் ஈரமுமாக இருக்கும். அங்கே நீர் மெதுவாகத்தான் வற்றும். அதே காற்று மலையை விட்டு விலகி சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போகும்போது உலர்ந்து, வேகம் குறையாமல் வீசும். சித்திரை வெயிலில் நீரைக் குளிர்விக்க மின்விசிறி வைத்தால் இழப்பு இன்னும் கூடும். எனவே பிறர் சொல்லும் அளவை நம்பாமல், கோடையில் ஒரு வாரமும் சாரலில் ஒரு வாரமும் தொட்டியில் கோடு போட்டு அளப்பதே சரி.

அமைப்பில் மூன்று உறுப்புகள் உண்டு: நன்னீர்க் கேன், சிறு பம்பு, மட்டம் அறியும் உணரி. காட்சித் தொட்டிக்குக் கீழே சம்ப் (நீர் வடிந்து சேரும் துணைத்தொட்டி) இருந்தால், ஆவியாவதன் விளைவு மேல்தொட்டியில் தெரியாது. சம்பில் பம்பு நிற்கும் அறையில்தான் மட்டம் இறங்கும். உணரியின் இடம் அதுவே. மிதவை சுவிட்ச் மலிவானது. மிதவைக்குள் இருக்கும் காந்தம் தண்டுக்குள் உள்ள ரீட் சுவிட்சை இயக்கும். இதன் வேலை, மாடித் தொட்டியில் பால் வால்வு செய்யும் வேலைதான். ஒளி உணரியில் அசையும் பாகம் இல்லை. ஆனால் அதன் முனையில் பாசி படிந்தால் ஏமாறும். மிதவையிலும் உப்புப் படிந்தாலோ நத்தை ஏறினாலோ அது சிக்கிக்கொள்ளும்.

பெரிய ஆபத்து நீர் குறைவதில் இல்லை, பம்பு நிற்காமல் ஓடுவதில் இருக்கிறது. மேல்தொட்டியின் வடிகுழாய் அடைபட்டால் சம்பில் மட்டம் இறங்கும். உணரி அதை ஆவியாதல் என்றே எடுத்துக்கொண்டு நன்னீரைக் கொட்டும். உப்பு சரிந்து, தரையும் நனையும். இதற்குக் காப்பு, பம்பு ஓடும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் டைமர்; உணரியே சிக்கிக்கொண்டால் காப்பு, சற்று மேலே இரண்டாவது மிதவை. அவற்றைவிட எளிய காப்பு சிறிய கேன். 200 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர் கேன் என்றால், மொத்தமும் கொட்டினாலும் உப்பு 33 பங்குக்குக் கீழே போகாது. 50 லிட்டர் டிரம் வைப்பது வசதிதான். ஒரே இரவில் தொட்டியை அழிக்கவும் அது போதும். குழாயின் முனை சம்ப் நீருக்குள் மூழ்கக் கூடாது. கேனின் நீர்மட்டம் அந்த முனையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். இல்லையேல் பம்பு நின்ற பிறகும் நீர் தானே இறங்கிக்கொண்டிருக்கும்.

நிரப்பும் நீர் ஆர்.ஓ.வோடு டி.ஐ. (அயனி நீக்கும்) வடிகட்டியும் கடந்து, டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள் அளவு) 0 காட்டுவது நல்லது. போர் தண்ணீரின் உப்புகள் நாள்தோறும் சேர்ந்து தேங்கும். அருவி நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பாறையிலிருந்து கரைந்த சிலிகேட்டைக் கொண்டுவரும். அதனால் கண்ணாடியில் பழுப்புப் பாசி படரும். தானியங்கி நிரப்பி இருந்தாலும் வாரம் ஒருமுறை ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பைப் பார்ப்பது அவசியம்.

வெளிநாடுகளில் உயிர்ப் பவளம் வளர்ப்போர் இந்தக் கேனில் சுண்ணாம்பு நீரை நிரப்பி, கால்சியத்தையும் சேர்த்தே ஊட்டுவர். இந்தியாவில் அதற்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. தென்காசிக்குக் கிழக்கே இருக்கும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இலேயே கடல்சார் தேசியப் பூங்காவாயின. அங்கிருந்து எடுக்கும் ஒவ்வொரு துண்டும் திருட்டுதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் கோமாளி மீனைக் குஞ்சுபொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கிறது. செயற்கைப் பாறையும் அப்படி வளர்ந்த மீனும் கொண்டு தொட்டி அமையுங்கள். கடையில் உயிர்ப் பவளத்தை நீட்டினால் வாங்காதீர்கள்.