கடைவீடும் வாடகைச் சட்டமும்

கீழே வாணிகம், மேலே குடியிருப்பு, முன்னே அஞ்சடி: இதுவே கடைவீடு. சிங்கப்பூருக்கு 1822-இல் இராபிள்ஸ் வகுத்த நகரமைப்பு விதியிற் பிறந்த அஞ்சடி, நீரிணை கடந்து ஜொகூருக்கும் வந்தது. ஜொகூர் பாரு, 1855-இல் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் காலத்தில் தஞ்சோங் புத்ரி என்னும் பெயரோடு எழுந்த ஊர். அதன் பழந்தெருக்களில் அடுத்தடுத்த கடைகளுக்குச் சுவர் பொது. ஒருவர் கூரை ஒழுகினால் நனைவது அயலார் சுவருந்தான். ஆகவே, செப்பனிட வேண்டியவர் யார் என்னும் வினா அங்கே வெறும் வழக்காடல் அன்று.

சப்பானியர் ஆட்சி 1945-இல் முடிந்தபோது மலாயாவில் கட்டடப் பஞ்சம். வாடகை ஏறாதிருக்கச் சட்டம் வந்தது. பின்னர் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும், 1948-க்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தியது. ஏழை வியாபாரிக்கு அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓடும் மரமும் கொத்தன் கூலியும் ஏற, வாடகை ஏறவில்லை. உரிமையாளர் கைவிட்டார், பிறர் சொத்துக்குச் செலவிடக் குடியிருப்போரும் தயங்கினர். வருமானம் சென்ற வழி வேறு. மாடியை அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்ட தலைக்குடியிருப்பாளர் ஊதியம் கண்டார். கடை கைமாறும்போது 'தேநீர்க் காசு' கேட்கப்பட்டது. பம்பாயில் இதையே 'பகடி' என்றனர். பெயர் வேறாயினும் நோய் ஒன்றே.

சென்னையின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடத்தில் சற்று நுட்பமானது. உரிமையாளர் பழுது பார்க்கத் தவறினால், குடியிருப்பவரே அதிகாரியின் ஆணை பெற்றுச் செப்பனிட்டு, செலவை வாடகையிற் கழித்துக்கொள்ள அது இடந்தந்தது. இதனை நான் நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன். எனினும் குறைந்த வாடகையிற் கழிப்பதற்கு எவ்வளவு இருக்கும்?

மலேசியாவில் கட்டுப்பாடு 1999 இறுதியோடு நீங்கிற்று. பினாங்கில் பழங்குடியிருப்பாளர் பலர் வெளியேற நேர்ந்தது. சிங்கப்பூர் 2001-இல் நீக்கியது. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், கட்டமைப்புப் பழுது உரிமையாளருக்கு, குழாய், சாக்கடை போன்ற சில்லறைப் பழுது வாடகையாளருக்கு எனப் பட்டியலிட்டுப் பிரித்தது.

ஜொகூரிலோ இன்று பெரும்பாலும் ஒப்பந்தமே பேசும். மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். அதற்குட்பட்ட தவணையில் கடை எடுப்பவர் சுண்ணாம்பு அடிப்பார், விளக்கு மாட்டுவார். உளுத்த உத்தரத்தை மாற்றமாட்டார்.