மனநோய் மருந்துகளின் பக்கவிளைவுகள் ஏன் வேறுபடுகின்றன? ஒரு விளக்கம்

ஸ்ரீ விஜயபுரம்: மனச்சிதைவு உள்ளிட்ட தீவிர மனநோய்களுக்கான மருந்துகளை நோயாளிகள் பாதியில் கைவிடுவதற்குப் பக்கவிளைவுகள் முக்கியக் காரணமாக உள்ளன. ஒருவருக்குக் கை நடுங்குகிறது. மற்றொருவருக்கு உடல் எடை கூடுகிறது. இன்னொருவருக்குப் பகலிலும் உறக்கம் வருகிறது. மூளையிலும் உடலிலும் எந்தெந்த ஏற்பிகளின் மீது ஒரு மருந்து செயல்படுகிறது என்பதைக் கொண்டு இவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே கணிக்க இயலும். சிறப்பு மருத்துவரைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டியுள்ள அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்த அறிதல் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

மருந்தில்லாக் காலம்

அலிப்பூர் குண்டு வழக்கில் தண்டிக்கப்பட்டு செல்லுலார் சிறையில் அடைக்கப்பட்ட விடுதலைப் போராட்ட வீரர் உல்லாஸ்கர் தத், 1912-ஆம் ஆண்டில் மனநலம் பாதிக்கப்பட்டு, பின்னர் சென்னை மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். அப்போது இந்நோய்களுக்குப் பயனுள்ள மருந்து எதுவும் இல்லை. முதல் நவீன மருந்தான குளோர்புரோமசின் 1952-ஆம் ஆண்டில்தான் பாரிஸில் மனநோயாளிகளுக்கு முறையாக அளிக்கப்பட்டது.

அதே காலத்தில் அறிமுகமான மற்றொரு மருந்து ரெசர்பின். இது அந்தமான் உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் வளரும் சர்ப்பகந்தா மூலிகையின் வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வேர் உயர் ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் பயன்படுவதை கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்திருந்தனர்.

ரெசர்பின் அளிக்கப்பட்ட விலங்குகள் அசைவற்றுப் போவதையும், டோபமைனின் மூலப்பொருளான எல்-டோபாவைச் செலுத்தியதும் அவை மீண்டும் இயங்குவதையும் சுவீடன் அறிவியலாளர் அர்விட் கார்ல்சன் 1957-இல் கண்டறிந்தார். உடல் அசைவுக்கு டோபமைன் இன்றியமையாதது என்பது இதன் மூலம் தெளிவாயிற்று. அவருக்கு 2000-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

டோபமைன் ஏற்பி

இன்று பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான மனநோய் மருந்துகள் டோபமைனின் 'டி2' ஏற்பியைத் தடுக்கின்றன. இந்த ஏற்பி மூளையின் பல பாதைகளில் உள்ளது. ஒரு பாதையில் தடுக்கும்போது மாயக்குரல்களும் பொய்யான நம்பிக்கைகளும் தணிகின்றன. அசைவைக் கட்டுப்படுத்தும் பாதையில் தடுக்கும்போது நடுக்கம், தசை விறைப்பு, ஓரிடத்தில் அமர இயலாத தவிப்பு ஆகியவை தோன்றுகின்றன. பிட்யூட்டரி சுரப்பியின் பாதையில் தடுக்கும்போது புரோலாக்டின் சுரப்பு மிகுந்து, மாதவிடாய் தடைப்படலாம், பால் சுரக்கலாம்.

மூளைப் படமெடுப்பு ஆய்வுகளின்படி, டி2 ஏற்பிகளில் ஏறத்தாழ 65 சதவீதம் தடுக்கப்படும்போது பலன் கிடைக்கிறது. 80 சதவீதத்தை நெருங்கும்போது அசைவுக் கோளாறுகள் மிகுகின்றன. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளில் அளவைச் சிறிது கூட்டினாலும் பக்கவிளைவு தோன்றுவதற்கு இந்தக் குறுகிய இடைவெளியே காரணம்.

பிற ஏற்பிகள்

* ஹிஸ்டமின் 'எச்1': தடுக்கப்பட்டால் உறக்கம், பசி மிகுதல், எடை கூடுதல். செரோட்டோனின் '2சி' ஏற்பியும் தடுக்கப்படும்போது எடை மேலும் கூடுகிறது. ஓலன்சபின், குளோசபின் ஆகியவற்றில் இது அதிகம்.
* மஸ்கரினிக் ஏற்பி: வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் கழிப்பதில் தடை. வியர்வையும் குறைவதால் வெப்பமான பகுதிகளில் உடல் சூடு ஏறும் அபாயம் உண்டு.
* ஆல்ஃபா-1: படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றல்.
* செரோட்டோனின் '2ஏ': இதைத் தடுப்பது அசைவுக் கோளாறுகளைக் குறைக்க உதவுகிறது. ரிஸ்பெரிடோன் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் இவ்வகையின.

அரிபிப்ரசோல் டி2 ஏற்பியை முழுமையாகத் தடுக்காமல் ஓரளவு தூண்டவும் செய்கிறது. ஆகவே புரோலாக்டின் உயர்வும் எடை கூடுதலும் குறைவு. எனினும் அமைதியின்மை ஏற்படலாம்.

விதிவிலக்கு

எல்லாவற்றுக்கும் ஏற்பிகள் விடையளிப்பதில்லை. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயிலும் பலன் தரும் குளோசபின், அரிதாக ரத்த வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். 1975-இல் பின்லாந்தில் இதனால் மரணங்கள் நேர்ந்ததையடுத்து பல நாடுகளில் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. பின்னர் கட்டாய ரத்தப் பரிசோதனையுடன் திரும்ப வந்தது. முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் பரிசோதிப்பது பரவலான நடைமுறை. கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே போன்ற, தலைநகரிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ஊர்களில் வசிப்போருக்கு மருந்தைத் தொடங்கும் முன்பே இப்பரிசோதனைக்கு ஏற்பாடு தேவை.

டோபமைன் ஏற்பியைத் தடுக்காமல் மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டும் சனோமெலின்-ட்ரோஸ்பியம் கூட்டு மருந்துக்கு அமெரிக்கா 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது.

கவனிக்க வேண்டியவை

பக்கவிளைவு தோன்றினால் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது, நோய் திரும்பக்கூடும். அளவைக் குறைத்தோ, வேறு ஏற்பிகளில் செயல்படும் மருந்துக்கு மாற்றியோ மருத்துவர் தீர்வு காண இயலும். கடும் காய்ச்சலுடன் தசை விறைப்பும் குழப்பமும் ஏற்பட்டாலோ, குளோசபின் உட்கொள்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தாலோ உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் நாடு முழுவதிலிருந்தும் எந்நேரமும் அணுகலாம்.