கடாரமும் சயாமும்: கொடுமையை அளக்கும் கோல்கள்

வாளேந்தாத பேரரசு வரலாற்றில் இல்லை. ஆயினும் ஒரு பேரரசின் வாளைப் போற்றுகிறோம்; மற்றொன்றின் வாளைத் தூற்றுகிறோம். இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது? நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தையும் நம் இனத்தின் வரலாற்றையும் கொண்டே இதனை ஆராய்வோம்.

புக்கிட் மெலாவத்தி குன்றிலிருந்து தொடங்கலாம். 1784இல் டச்சுக்காரர் இக்கோட்டையைக் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார். தலை கொய்யப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் கல்லொன்றும் அங்குண்டு. இன்று அவ்விடத்தில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். குருதி காய்ந்தபின் கொலைக்களமும் காட்சிப்பொருளாகிவிடுகிறது. இது காலத்தொலைவின் வேலை.

அடுத்து, சோழர். ஸ்ரீவிஜய அரச மரபினர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, 1006ஆம் ஆண்டளவில் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1025இல், அவன் மகன் இராசேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தைக் கடல் கடந்து தாக்கினான். மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டதையும் வித்தியாதர தோரணம் கவரப்பட்டதையும் மெய்க்கீர்த்தி பெருமிதத்தோடு அடுக்குகிறது. கடாரத்துக் குடிமக்கள் என்ன ஆயினர் என்பதை அது சொல்லவில்லை.

சோழரிடம் அடிபட்டோர் வேறுவிதமாக எழுதினர். சோழப்படை பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றதாகச் சாளுக்கியரின் 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு குற்றஞ்சாட்டுகிறது. இலங்கையின் சூளவம்சம், விகாரங்கள் சூறையாடப்பட்டதைப் பதிவுசெய்கிறது. பகைவர் கூற்றில் மிகை இருக்கலாம். மெய்க்கீர்த்தியிலும் மிகை உண்டன்றோ? ஒன்றை மட்டும் மெய்யென மனப்பாடம் செய்வது வரலாற்றுக் கல்வி ஆகாது.

இனி, நம் பாட்டனார் கண்ட காலத்துக்கு வருவோம். 1942 சூன் முதல் 1943 அக்டோபர் வரை, சப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண இரயில்பாதையை அமைத்தனர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் ஏராளம். சப்பானிய ஆட்சியை நாம் கண்டிப்பது முற்றிலும் நியாயமே.

ஆனால், "வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஒழுங்கு இருந்தது" என்று அடுத்த மூச்சில் சொல்கிறோமே, அது எப்படி? 1941இல் இதே சிலாங்கூரில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகளுட் சில. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே சப்பானியர் வந்திறங்கினர். பின்வந்த பெருங்கொடுமை முன்னதை மறைத்துவிட்டது. போரில் தோற்ற சப்பானியர் விசாரணைக் கூண்டில் நின்றனர். வென்ற வெள்ளையர் நீதிபதியாக அமர்ந்தனர்.

ஆக, நம் அளவுகோலைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு காலம் கடந்தது, யார் எழுதி வைத்தார், அடித்தவன் நம்மவனா அடிபட்டவன் நம்மவனா. கொடுமையின் அளவு இம்மூன்றுக்கும் பின்னரே வருகிறது.

சோழரின் கடற்கலையையும் ஏரிகளையும் ஊராட்சி முறையையும் வியப்பதில் தவறில்லை. மாணவர்க்கு அவற்றை மகிழ்வோடு கற்பிப்போம். கூடவே இன்னொன்றையும் கற்பிப்போம். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. பாதையோரம் மாண்ட நம் தோட்டத்து மக்களுக்கோ பெயர் பொறித்த தனிக்கல்லறைகள் எழவில்லை. கடாரத்தில் மாண்ட எளியவனுக்கும் எவரும் கல் நடவில்லை. சயாமில் மாண்ட நம்மவர்க்காக உலகின் நினைவைக் கேட்கும் நாம், கடாரத்தில் மாண்டவனையும் ஒரு கணம் நினைத்தல் வேண்டும். அந்நினைவு நமக்கு இருந்தால்தான் நம் கேள்விக்கு அறத்தின் வலிமை வாய்க்கும்.