ஒரு நாள் கழித்து வந்த விடை

கம்ப்யூட்டரில் முதல் புரோகிராம் எழுதுவது இப்போது அரைமணி நேர வேலை. பள்ளிப் பிள்ளை இரண்டு வரி அடித்துப் பொத்தானை அமுக்கினால் விடை வந்துவிடுகிறது. என் தலைமுறையில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு அந்த விடை பெரும்பாலும் மறுநாள்தான் கிடைத்தது.

நாங்கள் கற்றது ஃபோர்ட்ரான். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு உருவாக்கி 1957இல் வெளிவந்த மொழி அது. கணக்குச் சூத்திரத்தை ஏறக்குறைய அப்படியே எழுதலாம் என்பது அதன் பெருமை. ஆனால் எழுதியதெல்லாம் காகிதத்தில்தான். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி, பிறகு வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட வேண்டும். அட்டையின் குறுக்கே 80 இடங்கள். முதல் 5 இடங்கள் வரி எண்ணுக்கு. 6ஆவது இடம், இது முந்தைய அட்டையின் தொடர்ச்சி என்று காட்ட. 7 முதல் 72 வரைதான் கட்டளை. ஓர் இடம் தள்ளித் துளையிட்டால் பொருளே மாறிவிடும்.

அட்டைக்கட்டின் மேல்விளிம்பில் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைப்போம். கட்டு கைதவறிச் சிதறினால் கோட்டைப் பார்த்து வரிசைப்படுத்திவிடலாம். ரப்பர் பேண்ட் போட்டுக் கவுண்டரில் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது. இயந்திரம் இருந்த குளிர்சாதன அறைக்குள் மாணவனுக்கு அனுமதி இல்லை. மறுநாள் மடிப்பு மடிப்பான காகிதத்தில் அச்சாகி வரும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் விடைக்குப் பதில் பிழைச் செய்தி. அந்த ஓர் அட்டையை மாற்றி மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனாலேயே கட்டைக் கொடுக்குமுன், கம்ப்யூட்டர் செய்யப்போவதைத் தாளில் படிப்படியாக நாமே செய்து பார்ப்பது வழக்கம்.

இந்தக் காத்திருப்பை ஒழிக்க நினைத்தவர்கள் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிக் கணிதப் பேராசிரியர்கள் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும். கெமனி இளவயதில் ஐன்ஸ்டீனிடம் உதவியாளராக இருந்தவர். கல்லூரியில் கம்ப்யூட்டர் இல்லாத நாளில் கர்ட்ஸ் அட்டைகளைச் சுமந்துகொண்டு ரயிலேறி எம்ஐடிக்குப் போய்வந்தார். காத்திருப்பின் அருமை அவருக்குத் தெரியாதா! கலைப்பாடம் படிக்கும் மாணவரும் புரோகிராம் எழுத வேண்டும் என்பது இருவரின் பிடிவாதம். அதற்காக எளிய ஆங்கிலச் சொற்களால் பேசிக் மொழியை அமைத்தார்கள். ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் செய்தார்கள். 1964 மே 1ஆம் தேதி விடியற்காலை 4 மணிக்கு முதல் பேசிக் புரோகிராம்கள் ஓடின. தட்டச்சு செய்தவர் எதிரிலேயே விடை வந்தது.

நம் நாட்டில் கான்பூர் ஐஐடிக்கு 1963இல் ஐபிஎம் 1620 வந்தது. சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370 நிறுவப்பட்டது. பள்ளிகளுக்கு விடிவு அதற்கும் பிறகுதான். 1984இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் பள்ளிகளுக்கு வந்தன. சுவிட்சைப் போட்டால் பேசிக் தயாராக நிற்கும்.

காத்திருந்து கற்றதால்தான் எங்களுக்கு ஒழுங்கு வந்தது என்று என் வயதுக்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை. தாளில் சரிபார்த்துவிட்டு எழுதும் பழக்கம் இன்றைக்கும் நல்லதே. ஆனால் அந்த வரிசையில் நிற்க இடம் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? கம்ப்யூட்டர் இருந்த ஒருசில ஊர்களில், ஒருசில கல்லூரிகளில் சேர முடிந்தவர்கள் மட்டுமே. கெட்டிக்காரர்கள் பலர் அந்த அட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்கள் பொறுமையைப் புகழும்போது, வரிசைக்கே வர முடியாமல் போனவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கெமனியும் கர்ட்ஸும் சேர்த்தார்கள்.