புனேயில் வீடு வாங்குவோரின் துணைச் செலவுகள்

புனேயில் அடுக்குமாடி வீடு வாங்குபவர், வீட்டின் விலை போக, அரசுக்கும் வங்கிக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் தனித்தனியே கட்டும் தொகைகள் துணைச் செலவுகள் ஆகும். மாநகராட்சி எல்லைக்குள், கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு வரிகளும் பதிவுக் கட்டணமும் மட்டுமே விலையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகின்றன.

இவற்றுள் பெரியது முத்திரைத் தீர்வை. அடிப்படைத் தீர்வை 5 விழுக்காடு, உள்ளாட்சிக் கூடுதல் வரி 1, மெட்ரோ ரயில் திட்டத்துக்காக 2022 ஏப்ரல் முதல் வசூலாகும் மேல்வரி 1 என மொத்தம் 7 விழுக்காடு. பெண்கள் பெயரில் மட்டும் வாங்கினால் 1 விழுக்காடு குறையும். 2021 ஏப்ரலில் வந்த சலுகை இது. கணவர் பெயரையும் சேர்த்தால் கிடைக்காது. ஒப்பந்த விலை, அரசின் ‘ரெடி ரெக்னர்’ எனும் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதன்மீதே தீர்வை கணக்கிடப்படும். பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு. ஆனால் 30,000 ரூபாய்க்கு மேல் போகாது.

கிரயப் பத்திரத்தின்போது தீர்வை கட்டிப் பழகிய தமிழ்நாட்டவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதியும்போதே முழுத் தீர்வையும் கட்டியாக வேண்டும். கட்டுநர் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் பெறுமுன் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்கிறது ‘ரெரா’ எனப்படும் 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறைச் சட்டம். ஆக, சுவர் எழும்புமுன்னரே பல லட்சம் கையை விட்டுப் போகும்.

அந்தப் பணத்துக்கு வங்கியை நம்ப முடியாது. 10 லட்சத்துக்கு உட்பட்ட எளிய வீடுகள் தவிர மற்றவற்றில், முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் மதிப்பில் சேர்த்துக் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 80 லட்சம் ரூபாய் வீட்டை எடுத்துக்கொள்வோம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு உச்சவரம்பு மதிப்பில் 80 விழுக்காடு. எனவே கடன் 64 லட்சம், கைப்பணம் 16 லட்சம். தீர்வை 5 லட்சத்து 60 ஆயிரமும் பதிவு 30 ஆயிரமும் சேர்ந்தால் தேவை 21 லட்சத்து 90 ஆயிரம். 16 லட்சத்தை மட்டும் சேர்த்துவைத்துக்கொண்டு முன்பணம் கொடுப்பவர்களுக்கே நகையை அடகு வைக்கவும் வட்டி கூடிய தனிநபர் கடன் வாங்கவும் நேர்கிறது. இதற்கும் மேல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 4 லட்சம், தவணைதோறும் சேரும். 45 லட்சத்துக்கு மிகாத சிறு வீட்டுக்கு ஜிஎஸ்டி 1 விழுக்காடு. பணி நிறைவுச் சான்றிதழ் பெற்றபின் விற்கப்படும் வீட்டுக்கு அறவே இல்லை.

50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டுக்கு 1 விழுக்காடு வருமான வரி பிடித்தம் செய்து கட்ட வேண்டும். இது விலையிலிருந்தே கழிவதால் கூடுதல் செலவன்று. கட்டத் தவறினால் வட்டியும் அபராதமும் வாங்குபவர் தலையில் விழும். கொடுக்கத் தேவையில்லாத தொகையும் உண்டு: திறந்தவெளி வாகன நிறுத்தம் ரெரா சட்டப்படி பொது இடம். அதற்கு விலை கேட்டால் மறுக்கலாம்.

சாவி வாங்கும் நாளில் பராமரிப்பு முன்பணம், மின் இணைப்பு வைப்புத்தொகை முதலியவை காத்திருக்கும். பழைய வீடானால் சங்கத்தின் பெயர்மாற்றப் பிரீமியம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

குடியேறியபின் தொடரும் செலவுகளில் புனேயில் பெரும் சுமை தண்ணீர். வாகோலி, பாணேர், உண்ட்ரி போன்ற வளரும் பகுதிகளில் கோடையில் பல குடியிருப்புகள் டேங்கர் லாரிகளை நம்பியிருக்கின்றன. அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். மாதிரி வீட்டின் அலங்காரத்தைப் பார்ப்பதைவிட, அருகிலுள்ள குடியிருப்பில் மே மாதத் தண்ணீர்ச் செலவை விசாரிப்பது மேல். சொத்து வரியில், உரிமையாளரே குடியிருந்தால் புனே மாநகராட்சி 40 விழுக்காடு சலுகை தருகிறது. இடையில் நிறுத்தப்பட்ட இச்சலுகை 2023-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. புதிதாக வாங்குவோர் இதைப் பெற, பிடி-3 படிவத்தை உரிய சான்றுகளுடன் மாநகராட்சியில் கொடுக்க வேண்டும்.