சிறகில் ஏறும் சத்துரு

ஆகாய விமானிக்குச் சத்துரு யாரென்று கேட்டால், புயலென்றும் இடியென்றும் சொல்வோர் பலர். ஓசையின்றி வந்து ஒட்டிக்கொள்ளும் பனிக்கட்டியை எண்ணுவோர் சிலரே.

1927 மே 20ஆம் நாள் காலை, இருபத்தைந்து வயது வாலிபரான சார்ல்ஸ் லின்ட்பேர்க் நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் நோக்கித் தனியே புறப்பட்டார். ஒரே எஞ்சின், வானொலியில்லை, பரசூட்டுமில்லை. பன்னிரண்டு நாட்களுக்கு முன் பாரிஸிலிருந்து எதிர்த்திசையிற் கிளம்பிய நுங்கெசே, கொலி என்னும் பிரெஞ்சு வீரர் இருவரும் கரை சேரவேயில்லை. அன்றிரவு அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் லின்ட்பேர்க்கின் விமானம் பெருமேகமொன்றினுள் நுழைந்தது. குளிர் கடுமையாயிற்று. கையை வெளியே நீட்டினார். ஊசி குத்துவது போலிருந்தது. டோர்ச் வெளிச்சத்தைச் சிறகுதாங்கிக் கம்பத்திற் பிடித்துப் பார்த்தார், பனிக்கட்டி படிந்துகொண்டிருந்தது. பதறிச் சடுதியாகத் திருப்பினாரில்லை. கருவிகளும் உறைந்தால் இருளில் நிலை தெரியாதல்லவா? மெல்லத் திருப்பித் தெளிந்த வானத்துக்கு மீண்டார். பின் மேகங்களைச் சுற்றிப் பறந்து, 33½ மணி நேரத்திற் பாரிஸ் சேர்ந்தார். அவருடைய துணிவைப் புகழ்வோர் இந்தத் திரும்புதலைச் சொல்வதில்லை. எமக்கோ அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

மேகத்துளிகள் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இருக்கக்கூடும். சிறகில் மோதியதும் அவை உறைகின்றன. பாரம் கூடுவது மட்டுமே அபாயமன்று. சிறகின் வடிவம் கெடுகிறது. காற்று அதைத் தழுவி ஓடாமற் பிரிகிறது. தூக்கும் விசை குன்ற, இழுவை மிகுகிறது. மண்கடதாசி போன்ற சொரசொரப்பே போதும். வலுக்குறைந்த எஞ்சினுடைய சிறு விமானம் அதற்குத் தாக்குப்பிடிப்பது அரிது.

அமெரிக்கத் தபால் விமானிகள் இவ்வாறு அல்லற்பட்ட காலத்தில், றப்பர்த் தொழிலில் இரசாயன அறிஞராயிருந்த வில்லியம் கீர் என்பவர் பனிக்கட்டி ஒட்டாத எண்ணெய்களைத் தேடிப் பார்த்தார். பிறகு சிறகின் முன்விளிம்பில் றப்பர் உறை பொருத்தி, அதைக் காற்றால் உப்பவைத்துப் பனிக்கட்டியை உடைக்க முனைந்தார். 1930இல் அது வானிலே பரிசோதிக்கப்பட்டது. அவ்வுறை இன்றும் உபயோகத்திலுள்ளது. ஆயினும் 1994இல் அமெரிக்காவின் ரோஸ்லோனில், அவ்வுறைக்குப் பின்னாற் படிந்த பனிக்கட்டியால் ஒரு பயணிகள் விமானம் வீழ்ந்து 68 பேர் மாண்டனர்.

குளிர்நாட்டார் தொல்லையென்று நாம் இருந்துவிடவும் முடியாது. காபுரேற்றரிற் பெற்றோல் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், வெளியே 20 பாகைக்கு மேலிருந்தாலும் ஈரக்காற்றில் அதனுள் பனிக்கட்டி உண்டாகி எஞ்சினை நிறுத்திவிடும். அதனாலேயே காபுரேற்றர் கொண்ட சிறு விமானங்களில், சுடுகாற்றைச் செலுத்த ஒரு பிடி வைத்திருக்கிறார்கள்.